கம்பியில்லா விஆர் ஹெட்செட்டுக்கு மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் கேபிள் மாட்டி, கண்ணை மூடும் ஹெட்செட்டில் விஆர் (மெய்நிகர் உலகம்) விளையாடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதிய பக்கம் இது. ரிஃப்ட் எஸ், வைவ், இண்டெக்ஸ், எச்பி ரிவெர்ப் போன்ற கேபிள் ஹெட்செட்டுகளை வைத்துக்கொண்டு, மெட்டா குவெஸ்ட் 3 மாதிரியான கம்பியில்லா ஹெட்செட்டுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹெட்செட்டுக்குப் பணம் ஒதுக்குமுன் ரவுட்டருக்கும் ஒரு நல்ல நெட்வொர்க் கேபிளுக்கும் ஒதுக்குங்கள். புது ஹெட்செட் வாங்கி மனம் நொந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறை ஹெட்செட்டில் இல்லை.

பழையது நன்றாகத்தான் ஓடுகிறது. இப்போதே மாற வேண்டுமா?

உங்களிடம் இருப்பது எது என்பதைப் பொறுத்தது. ரிவெர்ப் போல, விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மைக்ரோசாஃப்டின் விஆர் தளத்தில் ஓடும் ஹெட்செட் என்றால் அவசரம் உண்மையிலேயே இருக்கிறது. அந்தத் தளத்தைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அதை நீக்கியும் விட்டது. நல்ல நிலையில் இருந்த ஹெட்செட்டுகள் ஒரு அப்டேட்டில் மேசை அலங்காரப் பொருளாகிப்போயின. 2025இல் ஓயாசிஸ் என்ற இலவச டிரைவர் வந்து, என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீம் விளையாட்டுக் கடையின் விஆர் மென்பொருளான ஸ்டீம்விஆர் வழியாக அவற்றை உயிர்ப்பித்தது. ஆனாலும் அதை நம்பி நீண்டகாலத் திட்டம் போட மாட்டேன்.

ரிஃப்ட் எஸ் விற்பனை 2021இலேயே முடிந்துவிட்டது. அதன் கேபிள் அதற்கென்றே செய்யப்பட்டது. உள்ளே நரம்பு அறுந்துவிட்டால் மாற்றுக் கேபிள் கிடைப்பது குதிரைக்கொம்பு. படம் அவ்வப்போது கறுத்துப்போய்த் திரும்பி வருகிறது என்றால், கேபிள் விடைபெறத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தலைமுறை வைவோ ரிஃப்டோ வைத்திருப்பவர்களுக்கு அவசரம் இல்லை. ஆனால் லாபம் மிகப் பெரியது. 2016இல் வந்த அந்த இரண்டிலும் ஒரு கண்ணுக்கு 1080 × 1200 புள்ளிகள். குவெஸ்ட் 3இல் 2064 × 2208. கணக்குப் போட்டால் மூன்றரை மடங்கு. விமான ஓட்டுநர் அறையில் கருவிகளின் எண்களைப் படிக்க முன்னே குனிய வேண்டியதில்லை.

இண்டெக்ஸ் வைத்திருக்கிறீர்களா? பொறுமையாக இருக்கலாம்.

கம்பி இல்லாமல் படம் எப்படி வந்து சேருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பழைய ஹெட்செட் அடிப்படையில் ஒரு மானிட்டர். கிராபிக்ஸ் கார்டு வரைந்த படம் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது எச்டிஎம்ஐ கேபிள் வழியாக அப்படியே கண்ணெதிரே வரும். குவெஸ்ட் 3க்கு அதே முறையில் படம் அனுப்ப முடியுமா என்று பாருங்கள்: ஒரு கண்ணுக்கு சுமார் 45 லட்சம் புள்ளிகள், இரண்டு கண்கள், விநாடிக்கு 90 படங்கள், புள்ளிக்கு 24 பிட். பெருக்கினால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 20 ஜிகாபிட். வீட்டு வைஃபை அதைத் தாங்கவே தாங்காது. எனவே கணினி ஒவ்வொரு படத்தையும் வீடியோவாகச் சுருக்கி, விநாடிக்கு 100 முதல் 200 மெகாபிட் அளவுக்குக் கொண்டுவந்து ரவுட்டருக்கு அனுப்புகிறது; ஹெட்செட்டில் உள்ள ஸ்னாப்டிராகன் சிப் அதை விரித்துக் காட்டுகிறது. ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்கிய படம்தான் உங்கள் கண்ணுக்கு வருகிறது.

சுருக்கத்தின் தழும்பு எங்கே தெரியும் என்றால், இருண்ட அறைகளின் மூலைகளில், மூடுபனியில், காற்றில் அசையும் புல்வெளியில். வானத்தின் நீலம் மெல்லிய பட்டைகளாகப் பிரியும். பளிச்சென்ற வண்ணங்களும் தெளிவான கோடுகளும் உள்ள விளையாட்டுகளில் நான் தேடிப் பார்த்தாலும் எனக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. குவெஸ்ட்டை யுஎஸ்பி கேபிள் போட்டுக் கணினியோடு இணைத்தாலும் இதே சுருக்கம்தான் நடக்கிறது. அதில் டிஸ்ப்ளேபோர்ட் உள்ளீடு கிடையாது. "கேபிள் போட்டால் பழையபடி சுத்தமான படம் வரும்" என்று நினைத்து வாங்காதீர்கள்.

தாமதம் தெரியுமா?

தெரியும் இடமும் உண்டு, தெரியாத இடமும் உண்டு. நன்றாக அமைத்த வீட்டில், கணினி வரையத் தொடங்குவதிலிருந்து கண்ணுக்கு வந்து சேரும் வரை மொத்தம் 40, 50 மில்லி விநாடி ஆகும். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் தலையைத் திருப்பும்போது அது உறைக்காது. படம் திரைக்குப் போகும் கடைசி நொடியில், தலை இப்போது எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப ஹெட்செட் அந்தப் படத்தை நகர்த்திவிடுகிறது. தலை சுற்றாமல் காப்பாற்றுவது இந்த வேலைதான்.

கைகளுக்கு அந்தச் சலுகை குறைவு. கன்ட்ரோலரை வேகமாக வீசினால், உள்ளே தெரியும் வாள் ஒரு மயிரிழை பின்தங்கி வரும். நிதானமான சாகச விளையாட்டில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். தாளத்துக்கு வாள் வீசும் பீட் சேபரின் மிகக் கடினமான நிலைகளை விளையாடுகிறவர் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு என் பரிந்துரை எளிது: அந்த விளையாட்டைக் கணினியை விட்டுவிட்டு ஹெட்செட்டிலேயே நேரடியாக நிறுவி ஆடுங்கள். இடையில் வைஃபையே இல்லாததால் இந்தத் தாமதமும் இல்லை.

எப்படிப்பட்ட ரவுட்டர் வேண்டும்?

விலை உயர்ந்தது வேண்டாம், சரியான இடத்தில் இருப்பது வேண்டும். வைஃபை 6 வசதியுள்ள நடுத்தர ரவுட்டர் ஒன்று, நீங்கள் விளையாடும் அதே அறையில், இடையில் சுவர் இல்லாமல் இருக்க வேண்டும். இணைய நிறுவனம் கூடத்தில் மாட்டிவிட்டுப் போன ரவுட்டர், செங்கல் சுவர் இரண்டைத் தாண்டி உள்ளறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பத் திணறும். அதை அப்படியே விட்டுவிட்டு, விஆருக்கென்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றை அறையில் வைத்து, அதன் வைஃபையில் ஹெட்செட்டை மட்டும் இணைப்பதுதான் மிகச் சிறந்த ஏற்பாடு. வீட்டில் மற்றவர்கள் வீடியோ பார்த்தாலும் உங்களுக்கு இடையூறு வராது.

அடுத்தது, கணினி அந்த ரவுட்டருடன் கேபிளால்தான் இணைந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கணினியும் வைஃபையில், ஹெட்செட்டும் வைஃபையில் என்றால் ஒரே காற்றில் ஒவ்வொரு படமும் இரண்டு முறை பயணம் செய்கிறது. தடங்கல் வந்தே தீரும்.

கேபிள் போட்ட பிறகு ஒரு சோதனை. விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குப் போய் ஈதர்நெட் இணைப்பின் வேகத்தைப் பாருங்கள். 1000 மெகாபிட் என்று இருக்க வேண்டும். 100 என்று இருந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று. மலிவான ரவுட்டர்கள் சிலவற்றில் துளைகளே 100 மெகாபிட்தான். அட்டைப்பெட்டியில் வைஃபை வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். அல்லது கேபிளுக்குள் இருக்கும் எட்டு இழைகளில் ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருக்கும். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். நான்கு மட்டும் வேலை செய்தால் இணைப்பு ஓசையில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இணையம் வழக்கம்போல் ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. விஆர் போட்டவுடன் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடையும். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் ஒன்றைத் தயாராக வாங்கி மாற்றினால் தீர்ந்தது.

ரவுட்டர் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் ஹெட்செட் எப்போதாவது 2.4க்குத் தாவும்; தாவினால் ஆட்டம் அதோடு சரி. அலைத்தடத்தின் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் இருக்கட்டும். தட எண்ணைத் தானியங்கியில் விடாமல் 36 முதல் 48க்குள் ஒன்றையோ 149ஐயோ தேர்ந்தெடுங்கள். 52 முதல் 144 வரையுள்ள தடங்கள் ராடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ராடார் அலை இருப்பதாக ரவுட்டர் நினைத்தால் தடத்தைக் காலி செய்துவிட்டு ஓடும், நீங்கள் நடு விளையாட்டில் அந்தரத்தில் நிற்பீர்கள்.

மின்தடையும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் உள்ள ஊர்களில் கணினிக்கு யுபிஎஸ் வைத்திருப்பார்கள், ரவுட்டரை மறந்துவிடுவார்கள். ஒரு கண்சிமிட்டல் மின்வெட்டு போதும், ரவுட்டர் எழுந்து வர இரண்டு நிமிடம் ஆகும். அதற்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை மாட்டிவிடுங்கள்.

அதற்காக இணையத் திட்டத்தை உயர்த்த வேண்டுமா?

வேண்டாம். படம் உங்கள் வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

6 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் கட்டாயமா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலாபுறமும் அண்டை வீட்டு வைஃபை சூழ்ந்திருந்தால் அது வரப்பிரசாதம். குவெஸ்ட் 3இல் 6 கிகாஹெர்ட்ஸையும் பயன்படுத்தும் வைஃபை 6இ இருக்கிறது. தனி வீட்டில் இருப்பவருக்கு 5 கிகாஹெர்ட்ஸே தாராளம். இந்தியாவில் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கீழ்ப்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளே 2025 மே மாதம்தான் வெளிவந்தன. அதனால் அதற்கு முந்தைய ரவுட்டர்களை 6இ என்ற பெயரைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். 6 கிகாஹெர்ட்ஸ் இங்கே இயங்குமா என்று கடையில் கேட்டு, இயக்கிப் பார்த்து வாங்குங்கள்.

என் கிராபிக்ஸ் கார்டு போதுமா?

ரிஃப்ட் எஸ்ஸுக்கு ஜிடிஎக்ஸ் 1060 பரிந்துரைக்கப்பட்டது. அதே கார்டைக் கொண்டு குவெஸ்ட் 3இன் முழுத் தெளிவை எதிர்பார்ப்பது வீண். வரைய வேண்டிய புள்ளிகளும் அதிகம், வரைந்ததை வீடியோவாகச் சுருக்கும் வேலையும் கார்டின் தலையில் விழுகிறது. தெளிவைக் குறைத்து ஆடலாம்; அப்படி ஆடினாலும் பழைய ஹெட்செட்டைவிட நன்றாகவே இருக்கும், லென்ஸ் அவ்வளவு மேம்பட்டிருக்கிறது.

புதிய கார்டு வாங்குவதாக இருந்தால் ஏவி1 என்ற வீடியோ முறையில் சுருக்கத் தெரிந்ததாகப் பார்த்து வாங்குங்கள்: என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை முதல், ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 7000 வரிசை முதல், இன்டெல்லில் ஆர்க். குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டும் ஏவி1ஐ விரிக்கும். குவெஸ்ட் 2 விரிக்காது. இருண்ட காட்சிகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எந்த மென்பொருள் வழியாக இணைப்பது?

மூன்று வழிகள். மெட்டாவின் ஏர் லிங்க் 2021இல் வந்தது, இலவசம். வால்வின் ஸ்டீம் லிங்க் 2023 இறுதியில் வந்தது, அதுவும் இலவசம். அமைப்பதற்கு இதைவிட எளியது இல்லை. விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குப் பணம் கட்ட வேண்டும். முதலில் ஸ்டீம் லிங்க்கைப் போட்டுப் பாருங்கள், திருப்தி என்றால் அங்கேயே நின்றுவிடலாம்.

ஆனால் ஏதாவது கோளாறு என்றால் நான் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பைத்தான் திறப்பேன். அது மொத்தத் தாமதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுகிறது: விளையாட்டு எடுத்துக்கொண்டது எவ்வளவு, சுருக்க எவ்வளவு, நெட்வொர்க்கில் எவ்வளவு, விரிக்க எவ்வளவு. நெட்வொர்க் எண் மட்டும் எகிறினால் ரவுட்டரைப் பாருங்கள். விரிக்கும் எண் கூடினால் பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் மெகாபிட் அளவை, குறையுங்கள். விளையாட்டின் எண் கூடினால் கிராபிக்ஸ் கார்டு மூச்சுவாங்குகிறது. ஊகத்தில் பத்து அமைப்புகளை மாற்றிக் குழம்புவதை இந்த நான்கு எண்கள் மிச்சப்படுத்தும். பிட்ரேட்டை உச்சத்தில் வைத்தால்தான் நல்ல படம் என்பதும் தவறான நம்பிக்கை. 200இல் திக்கித் திக்கி வருவதைவிட 120இல் ஓடும் படம் எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே வாங்கிய விளையாட்டுகள் என்னாகும்?

ஸ்டீமில் வாங்கியவை அத்தனையும் கணினி வழியாகப் புது ஹெட்செட்டில் ஓடும். மெட்டாவின் (முன்பு ஓக்குலஸ்) ரிஃப்ட் கடையில் வாங்கியவையும் அப்படியே. ஹெட்செட்டில் தனியாக ஓடும் பதிப்பு வேண்டுமென்றால் ஸ்டீமில் வாங்கியவர் மறுபடி வாங்க வேண்டும். ரிஃப்ட் கடையில் வாங்கிய சில விளையாட்டுகளுக்கு மட்டும் இரண்டு பதிப்பும் ஒரே விலையில் சேர்ந்து வரும். பழைய ஓக்குலஸ் கணக்கை மெட்டா கணக்கோடு இணைத்துவிட்டு, உங்கள் பட்டியலில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

குவெஸ்ட் 3ஆ, 3எஸ்ஸா, வேறு ஏதாவதா?

கணினி விளையாட்டுகளுக்காக மாறுகிறவர் குவெஸ்ட் 3ஐ வாங்குவதே நல்லது. இரண்டிலும் சிப் ஒன்றுதான். வேறுபாடு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 3எஸ்ஸில் குவெஸ்ட் 2இன் அதே திரையும் ஃபிரெனெல் லென்ஸும். நடுவில் மட்டும் தெளிவு, ஓரம் மங்கல், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் ஒளிக்கீற்றுகள். குவெஸ்ட் 3இன் பான்கேக் லென்ஸில் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டி மணிமுள்ளைப் படிக்கலாம். கண்மணிகளின் இடைவெளிக்கு 3எஸ்ஸில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே படிகள்; குவெஸ்ட் 3இல் சக்கரத்தைத் திருகிச் சரியாக நிறுத்தலாம். உங்கள் இடைவெளி அந்த மூன்று எண்களுக்கும் நடுவில் விழுந்தால், அரை மணி நேரத்தில் தலைவலி காரணத்தைச் சொல்லும்.

பைகோ 4, ஒரு கண்ணுக்கு 2160 × 2160 புள்ளிகளோடு கணினிக்கு நல்ல துணைதான்; தனியாக ஓடும் விளையாட்டுகள் அதில் குறைவு. வால்வ் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் ஃபிரேம் இந்தப் பக்கத்தின் தலைவலிகளையே குறிவைத்து வடிவமைக்கப்பட்டது. கணினியில் செருகும் 6 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் ரவுட்டரின் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கண் எங்கே பார்க்கிறதோ அங்கே மட்டும் கூடுதல் தெளிவோடு படத்தை அனுப்புகிறது. கணினி விளையாட்டு மட்டுமே போதும் என்பவர் அதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மின்கலம் எவ்வளவு நேரம் வரும்?

குவெஸ்ட் 3க்கு மெட்டா சொல்லும் சராசரி 2.2 மணி நேரம். நீண்ட ஆட்டத்துக்கு, பின்னந்தலையில் மின்கலம் வைத்த பட்டை ஒன்றை வாங்குங்கள். நேரம் கூடுவதோடு, முன்பக்கம் கன்னத்தை அழுத்தும் பாரமும் சமன்படும். கூடவே வரும் துணிப்பட்டை எதற்கும் உதவாது. கன்ட்ரோலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏஏ பேட்டரி. மறுபடி சார்ஜ் செய்யும் வகையில் நான்கு வாங்கி வைத்தால் போதும்.

விளையாடும் அறையில் என்ன கவனிக்க வேண்டும்?

மேலே பாருங்கள். நம் வீடுகளில் சுழலும் மின்விசிறிதான் விஆரின் முதல் எதிரி. கேபிள் இருந்தவரை அது உங்களை ஓரளவு ஓரிடத்தில் கட்டிப்போட்டிருந்தது. அது போனதும் கைவீச்சு தானாகவே பெரிதாகிவிடும். கன்ட்ரோலரோடு கையை முழுவதும் தூக்கி, இறக்கைக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி என்று விசிறியை நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள். எட்டினால், விளையாடும்போது அதை அணைத்துவிட்டு, எதிரே ஒரு தரை மின்விசிறி வையுங்கள். வியர்வையால் லென்ஸில் ஆவி படிவது குறையும். அதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு: காற்று முகத்தில் படும் பக்கம்தான் அறையின் முன்பக்கம் என்று உடல் கற்றுக்கொள்ளும். கேபிள் இல்லாதபோது எந்தத் திசையில் நிற்கிறோம் என்பது உண்மையிலேயே மறந்துபோகிறது.

குவெஸ்ட் தன் கேமராக்களால் அறையைப் பார்த்துத் தன் இடத்தை அறிந்துகொள்கிறது. அதனால் விளக்கு எரிய வேண்டும். இருட்டறையில் ஆடிப் பழகிய வைவ் காரர்களுக்கு இது புதிது. நிலைக்கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடுங்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் நீண்ட நேரம் வைத்தால் கன்ட்ரோலர் தன் இடத்தை இழக்கும். வைவ், இண்டெக்ஸின் இடத்தை அறியச் சுவரில் மாட்டும் பேஸ் ஸ்டேஷன்கள் இந்த ஒரு விஷயத்தில் இன்றும் ஒரு படி மேல்.

ஜன்னலோரம் ஹெட்செட்டை வைக்கவே வைக்காதீர்கள். லென்ஸ் வழியாக வெயில் குவிந்தால் திரையில் ஆறாத பொட்டு விழுந்துவிடும். அதற்குச் சில விநாடிகள் போதும். நிறுவன உத்தரவாதமும் இதை ஏற்காது.

பழைய ஹெட்செட்டையே கம்பியில்லாமல் ஆக்க முடியாதா?

வைவுக்கும் வைவ் புரோவுக்கும் எச்டிசி 2018இல் ஓர் அடாப்டர் வெளியிட்டது. 60 கிகாஹெர்ட்ஸ் அலையில், கணினிக்குள் பொருத்தும் தனி கார்டோடு வேலை செய்வது. தாமதம் மிகக் குறைவு. அந்த அருமையை மறுக்க மாட்டேன். ஆனால் ரிஃப்ட்டுக்கோ இண்டெக்ஸுக்கோ பொருந்தாது. இன்று அதைத் தேடிப்பிடித்து வாங்கும் பணத்தைப் புது ஹெட்செட்டில் போடலாம். வேறொரு மலிவான வழி: கூரையில் கொக்கிகள் மாட்டி, சுருள் கயிற்றுக் கப்பிகளில் கேபிளைத் தொங்கவிடுவது. காலில் சிக்காது. கேபிள்தான் தொல்லை, படம் பரவாயில்லை என்பவர் இதைச் செய்து பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

யார் மாற வேண்டாம்?

உட்கார்ந்த இடத்தில் விமானமோ பந்தயக் காரோ மட்டும் ஓட்டுகிறவர்கள். உங்களுக்குக் கேபிள் ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. தூரத்து ஓடுபாதையும் மேகமும் சுருக்கத்தில் முதலில் அடிபடுபவை. உங்கள் பணம் டிஸ்ப்ளேபோர்ட்டில் ஓடும் உயர்தெளிவு ஹெட்செட்டுக்கோ நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கோ போகட்டும். ரவுட்டரை அறைக்குள் கொண்டுவர வழியே இல்லாத வாடகை வீட்டில் இருப்பவர்களும் அந்த ஏற்பாடு கைகூடும் வரை பொறுத்திருங்கள்.

எழுந்து நின்று, திரும்பி, குனிந்து, தரையில் படுத்து ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தயக்கமும் வேண்டாம். ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டு, கேபிளை அவிழ்க்க எதிர்த்திசையில் சுற்ற வேண்டிய தேவை இல்லாமல் போகும் அந்த முதல் நாளுக்காகவே மாறலாம்.

பழையதை உடனே விற்றுவிடலாமா?

ஒரு மாதமாவது வைத்திருங்கள். புதியதில் ரவுட்டர் சிக்கல்கள் தீர்ந்து, நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டுகள் எல்லாம் ஓடுகின்றன என்று உறுதியான பிறகு விற்கலாம். இண்டெக்ஸ், வைவ் வைத்திருந்தவர்கள் பேஸ் ஸ்டேஷன்களைத் தனியாகப் பிரித்து விற்பது நல்லது. உடல் அசைவைப் பதியும் டிராக்கர்களை அணிந்து ஆடுகிறவர்களுக்கு அவை இன்றும் தேவைப்படுகின்றன. ஹெட்செட்டோடு சேர்த்துக் கொடுத்தால் உரிய விலை கிடைக்காது. ரிஃப்ட் எஸ்ஸை விற்கும்போது கேபிளின் நிலையை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.